தீவுக் காற்றும் இறப்பு விகிதமும்

நாற்புறமும் கடல் சூழ்ந்த அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் காற்று என்றும் தூயதே என்பது பொதுவான எண்ணம். புகையினால் உயிர்ச்சேதம் நேர்வது பெருநகரங்களுக்கே உரிய தொல்லை என்று பலர் கருதுவர். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்தல் நலம்.

1952 ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை, நிலக்கரிப் புகை கலந்த மூடுபனி லண்டன் நகரைக் கவிந்திருந்தது. அதனால் வழக்கத்தைவிட ஏறத்தாழ 4,000 பேர் கூடுதலாக இறந்தனர் என்று அப்போது கணக்கிடப்பட்டது. பிந்திய ஆராய்ச்சிகள் இத்தொகையை 12,000 வரை உயர்த்தின. நகரப் புகைக்கும் மரணத்திற்கும் உள்ள தொடர்பை உலகம் அதன் மூலம் நன்கு உணர்ந்தது.

புகையில் பெருந்தீங்கு விளைப்பவை 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்கள். தலைமயிரின் பருமனில் இவை சுமார் முப்பதில் ஒரு பங்கே. இவை நுரையீரலின் சிற்றறைகள் வரை சென்று, இரத்தக் குழாய்களுக்கும் ஊறு செய்கின்றன. ஆகவே சுவாச நோய்களால் மட்டுமன்றி, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றாலும் மரணம் மிகுகிறது.

சென்னை, டில்லி, சிம்லா உள்ளிட்ட பத்து இந்திய நகரங்களில் 2008 முதல் 2019 வரை நிகழ்ந்த சுமார் 36 லட்சம் மரணங்களை ஆராய்ந்த முடிவு 2024 இல் வெளியாயிற்று. ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் மிகுந்தால், அன்றாட இறப்பு 1.42 சதவீதம் மிகுகிறது என்று அது காட்டிற்று. மேலும், காற்று ஓரளவு தூயதாக உள்ள பெங்களூர், சென்னை, சிம்லா போன்ற நகரங்களில் இவ்விளைவு கடுமையாகவே காணப்பட்டது. தூய காற்றில் புதிதாகச் சேரும் சிறிதளவு மாசும் அற்பமானதன்று என்பதே இதன் பொருள்.

இனித் தீவுகளை நோக்குவோம். போர்ட் பிளேயரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தார் காற்றிலுள்ள கரித்துகளை அளந்துள்ளனர். மழைக்காலத்தில் கடற்காற்றும் மழையும் துகள்களைக் குறைக்கின்றன. குளிர்காலத்திலோ இந்தியப் பெருநிலத்திலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் வரும் காற்று அவற்றைச் சுமந்து வருகிறது. இதனுடன் உள்ளூர் டீசல் மின் நிலையங்கள், வாகனங்கள், குப்பை எரித்தல் ஆகியவற்றின் புகையும் சேர்கிறது.

ஆயினும் இதன் விளைவு உள்ளூர் இறப்புப் பதிவேட்டில் புலப்படாது. 2011 இல் தீவுகளின் மக்கள் தொகை 3,80,581 மட்டுமே. நாளொன்றுக்கு இருவர் இறக்கும் ஊர் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். அங்கு மாதம் முழுவதும் நுண்துகள் 10 மைக்ரோகிராம் மிகுந்திருப்பினும், கூடும் இறப்பு ஒன்றுக்கும் குறைவே. பதிவேட்டிலும் மாரடைப்பு என்றே எழுதப்படும். புகை என்று எழுதப்படுவதில்லை. கணக்கில் தெரியாமையால் தீங்கு இல்லை என்று முடிவு செய்தல் தவறாகும்.

ஆகவே களப் பணியாளர்கள் இறப்பின் நாளையும் நோயையும் வழுவின்றிப் பதிவு செய்தல் வேண்டும். பல ஊர்களின், பல ஆண்டுகளின் பதிவுகள் ஒன்று சேரும்போதே உண்மை வெளிப்படும். குப்பையை எரிக்காமல் மக்கச் செய்யவும், விறகடுப்புப் புகை வெளியேற வழி அமைக்கவும் அவர்கள் மக்களைத் தூண்டலாம். ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கை மாணவர்களைக் கொண்டே செய்வித்தால், சதவீதப் பாடமும் சுகாதாரப் பாடமும் ஒருங்கே மனத்தில் பதியும்.