சிறு நிதியில் புற்றுநோய் ஆராய்ச்சி: எங்கே தொடங்குவது?

தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டினார்கள். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையின் பெட் ஸ்கேன் இயந்திரத்துக்கும் பொதுமக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். ஆராய்ச்சிக்கு அப்படிக் கொடுப்பவர்கள் குறைவு. கிடைப்பது பெரும்பாலும் சிறிய ஆரம்ப நிதிதான். அதில் இயந்திரம் வாங்க நினைக்காதீர்கள்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். வாய்ப் புற்றுநோய்க்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை காரணம் என்பது தெரிந்த விஷயம். வாயில் புண் கண்டவர் வைத்தியரிடம் போக எத்தனை வாரம் எடுத்தார், ஏன் பிந்தினார் என்று கேளுங்கள். ஓராண்டில் விடை காணலாம்.

காசு வருமுன்பே நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பியுங்கள். கின்சி வீதியில் கொழும்பு மருத்துவ பீடத்தில் அப்படியொரு குழு இருக்கிறது. வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதியையும் கையோடு பெறுங்கள். தமிழ்ச் சம்மதப் படிவத்தைக் கொட்டாஞ்சேனையில் ஓர் அம்மாவிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் வரிகளைத் திருத்துங்கள்.

முதல் செலவு ஆளுக்கு: தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசும் ஓர் ஆராய்ச்சி உதவியாளர். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகத்திலிருந்து மஹரகமவுக்கு வருபவர்களில் பலர் சிகிச்சை முடியும்வரை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குவார்கள். விலாசம் கேட்டால் அந்த வீட்டைத்தான் சொல்வார்கள். கிளினிக் கொப்பியில் அதுவே ஏறிவிடும். ஊர் திரும்பியபின் தேடினால் ஆள் கிடைக்காது. இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாமல் போகும். சிகிச்சைக்குப் பின் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற கணக்கே பிழைத்துவிடும். ஆகவே உதவியாளர் ஒவ்வொருவரிடமும் கேட்கட்டும்: "ஐயா, சொந்த வீடு எங்க? இப்ப எங்க நிக்கிறீங்க? ஊரில ஆருக்கு ஃபோன் எடுத்தா உங்களோட கதைக்கலாம்?" மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதட்டும். 1985 முதல் இயங்கும் தேசிய புற்றுநோய்ப் பதிவேட்டுக்கும் சரியான நிரந்தர விலாசம் மிக அவசியம்.

மாதிரிகளைச் சேமிக்க வேண்டுமானால், ஜெனரேட்டர் வசதியுள்ள ஆய்வுகூடத்தின் உறைகுளிர்ப் பெட்டியில் இடம் கேளுங்கள். மருந்துப் பரிசோதனையென்றால், முதல் நோயாளியைச் சேர்க்குமுன் இலங்கை மருத்துவச் சங்கத்தின் பதிவேட்டில் பதியுங்கள்.

அடுத்தது தேசிய ஆராய்ச்சிப் பேரவைக்கோ தேசிய விஞ்ஞான மன்றத்துக்கோ பெரிய விண்ணப்பம். எத்தனை பேரை அணுகினீர்கள், எத்தனை பேர் சம்மதித்தார்கள், ஆறு மாதம் கழித்தும் எத்தனை பேர் தொடர்பில் இருக்கிறார்கள் என்பதை அதில் முதலில் எழுதுங்கள். உதவியாளரின் ஒப்பந்தம் முடிய நல்ல காலம் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள். இடையில் சம்பளம் நின்றால், நோயாளிகள் நம்பிப் பேசிய அந்தப் பிள்ளை வேறு வேலைக்குப் போய்விடும்.