இடது கையிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள இளம் கலைஞருக்கு,

ஹார்ப்சிகார்டில் அமர்ந்தபடியே ஒரு பரோக் குழுவை நடத்த வேண்டும் என்பது உங்கள் ஆசை. அந்த ஆசையோடு வருகிறவர்கள் பலரும் கண்டக்டரின் உயர்ந்த கைகளைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் அவரது இடது கையைப் பாருங்கள்.

பரோக் காலத்து இசையமைப்பாளர் அந்த இடது கைக்கு அடிச்சுர வரியை எழுதி, அதன் மேலே சில எண்களைக் குறித்துவிட்டுப் போய்விடுவார். மற்ற சுரங்களை வாசிப்பவரே அந்தந்த நேரத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும். கன்டின்யுவோ என்பது இந்த வேலைதான். பாடகர் எங்கே மூச்சு வாங்குவார், வயலின் எங்கே இழுக்கும், செல்லோ எங்கே தயங்கும் என்று காது சதா விழித்திருக்க வேண்டும்.

ஹார்ப்சிகார்டும் லேசில் வளைந்துகொடுக்காது. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு முனை தந்தியை மீட்டும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒலி பெரிதாகாது. அழுத்தம் காட்ட வேண்டுமென்றால் ஒரு சுரத்தைச் சற்றே தாமதிக்கலாம், சுரக்கூட்டை ஒன்றன்பின் ஒன்றாக விரிக்கலாம், விரலை முன்னதாக எடுத்துவிடலாம். எல்லாமே கால அளவில் செய்யும் வேலை. இது கையில் படிந்துவிட்டால், குழுவை நடத்துவதில் பாதி கைவந்த மாதிரி.

ஹார்ப்சிகார்ட் கலைஞரும் கண்டக்டருமான மசாக்கி சுசுகியின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. 1954இல் ஜப்பானின் கோபே நகரில் பிறந்தவர். 12 வயதிலேயே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். டோக்கியோவில் இசையமைப்பும் ஆர்கனும் பயின்று, ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் டோன் கோப்மனிடம் ஹார்ப்சிகார்ட் கற்றார். கோப்மன் குஸ்டாவ் லியோன்ஹார்ட்டின் மாணவர். மூவருமே முதலில் கட்டைகளின் முன் அமர்ந்தவர்கள். குழுவை நடத்தியது அதற்குப் பிறகு.

படிப்பு முடிந்து ஊர் திரும்பிய சுசுகி, 1990இல் ‘பாக் கொலேஜியம் ஜப்பான்’ குழுவைத் தொடங்கினார். கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே இருக்கும் நாட்டில், பரோக் இசையமைப்பாளர் பாக் ஜெர்மன் மொழியில் அமைத்த தேவாலயப் பாடல்களைப் பாட ஒரு குழு! 1995 ஜனவரியில் நிலநடுக்கம் கோபேயைச் சிதைத்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டில், அதே நகரின் கல்லூரிச் சிற்றாலயம் ஒன்றில், ஸ்வீடனின் பிஸ் ஒலிப்பதிவு நிறுவனத்துக்காக, அந்தத் தேவாலயப் பாடல்களான பாக்கின் திருச்சபைக் கான்டாட்டாக்களின் பதிவு தொடங்கியது. 55 தொகுதிகளாக விரிந்த அந்தப் பணி 2013இல்தான் முடிந்தது.

இத்தகைய நீண்ட பணிக்குக் கூடவே நிற்பவர்கள் வேண்டும். எனவே போட்டிப் பரிசுகளைத் துரத்துவதற்கு முன், உங்களோடு பத்து வருடம் நிற்கக்கூடிய நாலு பேரைத் தேடுங்கள். ஒரு செல்லோ, இரண்டு வயலின், ஒரு குரல் போதும். ஒத்திகைக்கு ஓர் இடமும் வேண்டும். அங்கே பாடலின் சொற்களைப் பொருளறிந்து எல்லோரும் உரக்கப் படியுங்கள்; எந்தச் சொல்லுக்கு அழுத்தம் என்று தெரியாத கை எந்தச் சுரத்தைத் தாமதிக்கும்?

பண விஷயத்தையும் பேசிவிட வேண்டும். கோப்மனும் பாக்கின் கான்டாட்டாக்கள் முழுவதையும் பதிவுசெய்யப் புறப்பட்டவர்தான். பாதி வழியில் ஒலிப்பதிவு நிறுவனம் கையை விரித்துவிட்டது. அவர் தாமே ஒரு நிறுவனம் தொடங்கி மிச்சத்தை முடித்தார். ஒப்பந்தம் போடுவதும் கணக்குப் பார்ப்பதும் இந்தத் தொழிலில் சேர்ந்தவைதான், இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

சர்ச்சைகளிலும் மாட்டிக்கொள்வீர்கள். பாக் தம் தேவாலய இசையில் ஒவ்வொரு குரலுக்கும் எத்தனை பேரைப் பாடவைத்தார்? 1730இல் அவர் லைப்சிக் நகர மன்றத்துக்கு எழுதிக் கொடுத்த குறிப்பில் குழுவுக்குக் குறைந்தது 12 பாடகர்கள் வேண்டும், 16 பேர் இருந்தால் இன்னும் நல்லது என்கிறார். அந்த எண்ணிக்கை கைவசம் இருக்க வேண்டியவர்களுக்கானது, பாடியது குரலுக்கு ஒருவரே என்று இசை ஆய்வாளர் ஜோஷுவா ரிஃப்கின் 1981இல் வாதிட்டார். கோப்மன் அதை ஏற்கவில்லை. ஆசிரியர் சொன்னார் என்பதற்காகக் கட்சி சேராதீர்கள். குறிப்பைப் படியுங்கள், குரலுக்கு ஒருவரை வைத்தும் நால்வரை வைத்தும் ஒரே பாடலை நடத்திப் பாருங்கள். உங்கள் மண்டபத்தின் எதிரொலியும் அதில் ஒரு வார்த்தை சொல்லும்.

இந்த மாதத்துக்கு ஒரு வேலை. பரோக் இசையமைப்பாளர் கொரெல்லி 1700இல் வெளியிட்ட 12 வயலின் சொனாட்டாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் நிரப்பி எழுதிய பதிப்பு வேண்டாம். அடிச்சுரமும் எண்களும் மட்டும் உள்ள பழைய பதிப்பே போதும். வயலின் வாசிப்பவர் ஒருவரோடு வாரம் ஒரு மெதுவான பகுதியை வாசியுங்கள். முதல் தடவை இடது கை மட்டும். அடுத்த தடவை வலது கையில் ஒரே ஒரு சுரம் சேருங்கள். ஒவ்வொரு முறையும் உட்காருவதற்கு முன் ஹார்ப்சிகார்டுக்கு நீங்களே சுருதி சேர்த்துவிடுங்கள். கச்சேரி இடைவேளையிலும் அதைச் செய்ய வேண்டிவரும்.

அன்புடன்,
உங்கள் நலம் விரும்பி