நாய்களைப் பீடிக்கும் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும்

கம்பம் பள்ளத்தாக்கில் நாய் வளர்ப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. திராட்சைத் தோட்டத்திற்கும், தென்னந்தோப்பிற்கும், களத்தில் கிடக்கும் தானியத்திற்கும், இரவில் பட்டியில் அடையும் ஆடுகளுக்கும் நாயே காவல். உத்தமபாளையம் தாலுகாவிலுள்ள கோம்பை என்னும் ஊர், பழுப்பு உடலும் கரிய முகமும் உடைய ஒரு நாய் ஜாதிக்குத் தன் பெயரையே அளித்திருக்கிறது. இவ்வளவு உதவியான பிராணியை உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் பீடிக்கும்பொழுது, "நாய் என்றால் உண்ணி இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லி நம்மவர் வாளாவிருந்து விடுகின்றனர். வேறு சிலர் நாயைப் பிடித்து ஏதோ ஒரு மருந்தைப் பூசிவிட்டு, காரியம் முடிந்தது என்று எண்ணுகின்றனர். இவ்விரண்டும் தவறே. நாயின் உடலில் நாம் காணும் பூச்சிகள் மொத்தத்தில் ஒரு சிறு பகுதிதான். பெரும்பகுதி நம் வீட்டிலும் தொழுவத்திலும் இருக்கின்றது. இதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பழைய அனுபவம்

பூச்சி ஒன்று பிராணியிடமிருந்து வீட்டிற்கும், வீட்டிலிருந்து மனிதனுக்கும் வரக்கூடும் என்பதை இப்பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் மிகுந்த துன்பத்துடன் அறிந்தது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே பிளேக் என்னும் கொள்ளை நோய் பரவி வந்தது. அதனை ஆராய்ந்த ஜார்ஜ், வெப்ஸ்டர் என்னும் இருவர் தங்கள் ஆராய்ச்சியை 1934-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். அந்நோயை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டு செல்வது தெள்ளுப்பூச்சியே என்பதைப் பிரெஞ்சு வைத்தியரான சீமோன் என்பவர் 1898-ம் வருஷத்தில் கராச்சியில் கண்டறிந்திருந்தார். எலி இறந்தவுடன் தெள்ளு அதை விட்டு நீங்கி, அருகிலுள்ள வேறு உடலைத் தேடும்.

நாயின் மேல் வாழும் தெள்ளு வேறு இனத்தது. ஆகையால் அதைக் கண்டு பிளேக் என்று பீதி கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பிராணியை மட்டும் கவனித்து, அது உறையும் இடத்தைக் கவனியாது விட்டால் பயனில்லை என்ற பாடம் இங்கும் பொருந்தும்.

2. தெள்ளுப்பூச்சியின் வாழ்க்கை

தாய்த் தெள்ளு நாயின் உடலிலேயே முட்டையிடும். முட்டைகள் வழவழப்பானவையாதலால் ரோமத்தில் ஒட்டாமல், நாய் படுக்கும் சாக்கிலும், மண் தரையிலும், கட்டிலின் அடியிலும் உதிர்ந்து விடுகின்றன. அவற்றிலிருந்து வரும் புழு வெளிச்சத்திற்கு அஞ்சி இடுக்குகளில் ஒளிந்து, தாய்த் தெள்ளு கழித்த உலர்ந்த இரத்த எச்சத்தைத் தின்று வளரும். பின்பு கூடு கட்டிக்கொண்டு உறங்கும். உஷ்ணமும் ஈரமும் கூடிய காலத்தில் இவையெல்லாம் மூன்று நான்கு வாரங்களில் முடிந்து விடும். அநுகூலமில்லாவிடில் கூட்டிற்குள்ளேயே பல மாதங்கள் காத்திருக்கும். நடமாட்டத்தின் அதிர்வும், உடலின் சூடும், மூச்சுக்காற்றும் பட்டால் உடனே வெளிப்பட்டுத் துள்ளும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே சென்றவரைத் தெள்ளுகள் கூட்டமாய்க் கடிப்பதன் காரணம் இதுவே.

நாயின் மேல் தெள்ளு இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. நெருங்கிய பற்களுள்ள சீப்பினால் வாரி, விழும் கருந்துகள்களை நனைத்த வெள்ளைத் துணியில் தட்டவும். துகளைச் சுற்றிச் செந்நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம் என்று நிச்சயிக்கலாம்.

3. உண்ணியின் வாழ்க்கை

நம் நாய்களில் பெரும்பாலும் காணப்படுவது பழுப்பு நாயுண்ணியாகும். இது முட்டையிலிருந்து வெளிவரும்பொழுது ஆறு கால்களும், அடுத்த இரு பருவங்களில் எட்டுக் கால்களும் உடையது. இம்மூன்று பருவங்களிலும் ஒவ்வொரு முறை நாயின் மீதேறி இரத்தம் குடிக்கும். குடித்தபின் கீழே விழுந்து, சுவரின் வெடிப்பிலோ கூரையின் இடுக்கிலோ புகுந்து விடும். வயிறு நிறைந்த பெண் உண்ணி அத்தகைய இடுக்கில் சில ஆயிரம் முட்டைகளை இட்டு மடியும். வளர்ந்த உண்ணி உணவின்றியே பல மாதங்கள் உயிர் தரித்திருக்கவல்லது.

4. இவற்றால் விளையும் தீங்கு

சிறு குட்டிகளின் இரத்தத்தைத் தெள்ளுகள் உறிஞ்சிச் சோகை உண்டாக்கிக் கொன்று விடுவதும் உண்டு. தெள்ளைக் கடித்து விழுங்கும் நாய்க்கு நாடாப்புழு உண்டாகும். அறியாமல் தெள்ளை விழுங்கிய குழந்தைக்கும் அது வரக்கூடும்.

உண்ணியால் நாய்க்கு வரும் காய்ச்சல்கள் இதனினும் கொடியவை. எர்லிக்கியா, பெபீசியா என்னும் கிருமிகள் இரத்தத்தில் புகுந்தால் நாய் தீனியை வெறுக்கும், ஈறுகள் வெளுக்கும், உடல் கொதிக்கும். சிலவற்றிற்கு மூக்கில் இரத்தம் ஒழுகும்; சிலவற்றிற்குச் சிறுநீர் காப்பி நிறமாகும். இக்குறிகளில் ஒன்று கண்டாலும் ஒரு நாளும் தாமதியாமல் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்க. காலத்தில் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் பிழைக்கும். மனிதருக்கும் உண்ணிக்கடியால் ஒருவகைக் காய்ச்சல் வருவதுண்டு.

5. செய்யத் தகாதவை

சில காலத்திற்கு முன் ஒரு கிராமத்துச் சங்கத்தின் கணக்கைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அங்கத்தினர் ஒருவர், தம் தோட்டத்துக் கொடிகளுக்குத் தெளித்து மிஞ்சிய பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து, அன்று காலை தம் நாயைக் குளிப்பாட்டியிருந்தார். நான் கணக்கை முடித்து எழுவதற்குள் அந்நாய் வாயில் எச்சில் ஒழுக, உடல் நடுங்க, மூச்சுத் திணறி இறந்தது. "உண்ணிக்குத்தானே பூசினேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு வருஷம் தோட்டத்தைக் காத்த நாய் அது.

ஆகையால் பயிருக்கு அடிக்கும் மருந்தை எக்காரணத்தாலும் நாயின் மேல் பூசலாகாது. மண்ணெண்ணெயும், புகையிலைத் தண்ணீரும் நாய்க்கு விஷமே. வேப்பெண்ணெய் பூச்சியைச் சற்று விரட்டலாம். ஆனால் அதை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. உண்ணியை நெருப்பால் சுடுவதும் விரலால் நசுக்குவதும் கூடா. தவறிப் பயிர்மருந்து பட்டுவிட்டால், கையுறை அணிந்து சோப்பும் தண்ணீரும் கொண்டு நன்றாய்க் கழுவி, மருந்துப் புட்டியுடனேயே நாயை வைத்தியரிடம் கொண்டு போகவும்.

6. செய்யத் தக்கவை

நாய்க்கு: தினந்தோறும் காதுகளின் உட்புறம், கழுத்து, கால்விரல்களின் இடை ஆகிய இடங்களைச் சோதிக்கவும். உண்ணி இருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடவும். எனினும், கடித்த சில மணி நேரத்திற்குள்ளேயே நோய்க்கிருமி புகக்கூடுமாதலால், பிடுங்குவதோடு நிற்காமல் முன்கூட்டியே தடுப்பு மருந்து தருவது அவசியம். பிப்ரோனில் என்னும் மருந்தை மாதம் ஒரு முறை, நாய் நக்க முடியாத பிடரியில் ரோமத்தை விலக்கித் தோலின் மேல் விடுவார்கள். புளூரலானர் முதலிய மாத்திரைகளும் உண்டு. வலிப்பு உள்ள நாயாயின் அதை வைத்தியரிடம் முன்னரே சொல்ல வேண்டும். அளவு நாயின் எடையைப் பொறுத்தது. எட்டு வாரம் நிரம்பாத குட்டிகளுக்கு வைத்தியரைக் கேளாமல் மருந்து போடலாகாது. சீப்பினால் வாரி எடுப்பதே நலம். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு மரணம் விளைவிக்கும்.

வீட்டிற்கு: நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒரு முறை கொதிநீரில் அலசி வெயிலில் உலர்த்துக. தரையைத் தினமும் பெருக்கிக் குப்பையை எரித்து விடுக. சுவரின் வெடிப்புகளைச் சுண்ணாம்புச் சாந்தோ சிமெண்டோ கொண்டு அடைத்து வெள்ளையடிக்கவும். கொட்டிலின் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றலாம். கூடுகளில் உறங்குபவை பின்னர் வெளிவருமாதலால், ஒரு முறை செய்து நிறுத்தாமல் குறைந்தது மூன்று நான்கு மாதங்கள் விடாமல் செய்ய வேண்டும்.

7. தெருவெல்லாம் ஒன்றுபடுதல்

ஒரு வீட்டார் இவ்வளவும் செய்து, அடுத்த வீட்டார் ஒன்றும் செய்யாவிடில், தெருவில் திரியும் நாய்கள் உண்ணியை மறுபடியும் கொண்டு வந்து சேர்க்கும். கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவர் தவணை தவறினால் பாரம் மற்றவர் மேல் விழுவது போன்றது இது. ஆதலால் தெருவார் கூடி ஒரு நாளைக் குறித்து, கால்நடை வைத்தியரை அழைத்து, எல்லா நாய்களுக்கும் ஒரே நாளில் மருந்து போட்டு, எல்லா வீடுகளின் வெடிப்புகளையும் அவ்வாரமே அடைத்தல் நன்று. பால் சங்கம் உள்ள ஊர்களில் அச்சங்கத்தின் கூட்டத்திலேயே இதைப் பேசி முடிக்கலாம். செலவு சிறிது, உழைப்பும் சிறிது. இரவெல்லாம் விழித்து நம் உடைமையைக் காக்கும் பிராணிக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அவ்வளவே.