கள்ளச்சந்தையும் வெள்ளித்திரையும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்றவுடன் தோல் பதனிடும் தொழிலே நினைவுக்கு வரும். தமிழ்த் திரையுலகின் போக்கை மாற்றிய 'பராசக்தி' திரைப்படமும் இவ்வட்டாரத்திற்குக் கடன்பட்டுள்ளது. வேலூரைச் சேர்ந்த நேஷனல் பிக்சர்ஸ் பி. ஏ. பெருமாள், ஏவி.எம். நிறுவனத்துடன் இணைந்து தயாரித்த இப்படம், 1952 அக்டோபர் 17 அன்று தீபாவளித் திருநாளில் வெளியாயிற்று. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகமே இதன் மூலம். மு. கருணாநிதி உரையாடல் எழுத, கிருஷ்ணன் – பஞ்சு இயக்கினர்.

கதை நிகழ்வது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியின் வரவு நின்றது. அகதிகள் பலர் கால்நடையாகவே தாயகம் திரும்பினர். அரிசி பங்கீட்டுப் பொருளாயிற்று. நேர்வழியில் கிடைக்காத பண்டம் மறைவழியில் பன்மடங்கு விலைக்குக் கிடைத்தது. பதுக்கியவர் ஓரிரு ஆண்டுகளில் செல்வரானார். ஊரில் பெரிய மனிதர் என்ற பெயரும் அவரைத் தேடி வந்தது.

படத்தில் பணம் இரண்டு திசைகளில் ஓடுகிறது. இரங்கூனிலிருந்து வரும் குணசேகரன், சென்னையில் கால் வைத்த சில நாழிகைக்குள் கைப்பொருள் அனைத்தையும் வஞ்சகத்திற்குப் பறிகொடுக்கிறான். அவன் தங்கை கல்யாணியோ கணவனை இழந்து, இட்லி விற்றுப் பிழைத்து, அதுவும் நிலைக்காமல் கள்ளச்சந்தை வணிகர் ஒருவரின் வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள். அங்கே உணவுக்குக் குறைவில்லை. அவளுடைய மானத்திற்குத்தான் காவல் இல்லை. அவளைக் காப்பவள் அவ்வணிகரின் மனைவியே. நீதிமன்றக் காட்சியின் அனல் பறக்கும் உரையாடலையே அனைவரும் போற்றுவர். ஆயினும் அந்த உரையாடலுக்கு வலுவூட்டுவது இவ்வீட்டுக் காட்சிதான். பசித்தவள் குற்றவாளிக் கூண்டில் நிற்க, பதுக்கியவர் வெளியில் உலவுகிறார் என்பதைப் பார்வையாளர் முன்பே கண்டுவிட்டனர் அல்லவா?

படத்தின் ஆக்கத்திலும் பணம் ஒரு சோதனையாக வந்தது. குணசேகரனாக நடித்த கணேசனுக்கு அதுவே முதற்படம். மெலிந்த உடலினர், முகமும் புதிது. அவரை மாற்றிவிட்டு, புகழ்பெற்ற கே. ஆர். இராமசாமியை நடிக்க வைக்கலாம் என்று ஏவி.எம். மெய்யப்பன் கருதினார். முதலைக் காக்க எண்ணும் எவருக்கும் அதுவே அறிவுடைய வழியாகத் தோன்றும். பெருமாள் இசையவில்லை. 'நூர்ஜஹான்' நாடகத்தில் பெண் வேடமேற்ற கணேசனின் ஆற்றலை அவர் அறிந்திருந்தார். படப்பிடிப்பு நீண்டது, செலவும் வளர்ந்தது. அவர் நிலை மாறவில்லை.

படம் பெருவெற்றி பெற்றது. பின்னாளில் நடிகர் திலகமாக உயர்ந்த சிவாஜி கணேசன், பொங்கல்தோறும் வேலூருக்குச் சென்று, புத்தாடையும் சீரும் வைத்துப் பெருமாளை வணங்குவதை வழக்கமாகக் கொண்டிருந்தார்.