ஈயமும் வெள்ளீயமும்: கலப்புலோகத்தின் வன்மையை மதிப்பிடல்

க.பொ.த. (சா/த) விஞ்ஞானம் – மீட்டல்

"ஈயம் பாரமான உலோகம், ஆகவே அது வன்மையானது." பல்லேகல வகுப்பில் ஒவ்வோராண்டும் ஒருவராவது இப்படி எழுதுவார். புள்ளி கிடையாது. ஈயத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 11.3 கிராம், ஆயினும் நகத்தால் கீறினாலே தடம் விழும். மேற்பரப்பானது கீறலையும் குழிவையும் எதிர்க்கும் தன்மையே வன்மை. அடர்த்தி வேறு, வன்மை வேறு.

கண்டி இராச்சியக் காலத்தில் (1815 வரை) வழங்கிய துப்பாக்கிகளின் குழாய் உட்புறம் வழவழப்பானது. அவற்றுக்குத் தனி ஈயக் குண்டே போதும். பின்னர் குழாயினுள் சுருள் தவாளிப்பு வெட்டப்பட்டு, குண்டின் வேகமும் கூடியபோது, மென்மையான ஈயம் உரசுண்டு தவாளிப்பில் படிந்தது. எனவே வெள்ளீயமும் அந்திமனியும் சேர்த்து வார்த்தனர்.

சேர்த்தபின் எவ்வளவு வன்மை? சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் பிறினெல் 1900 இல் வெளியிட்ட முறையில், உருக்குக் குண்டொன்றை உலோகத்தின் மீது அழுத்திக் குழியை அளப்பர். இயந்திரம் இல்லாதவர்கள் ஒப்பிட்டு மதிப்பிடலாம்.

உதாரணம்: தூய ஈயத் துண்டுக்கும் கலப்புலோகத் துண்டுக்கும் நடுவே சைக்கிள் அச்சின் உருக்குக் குண்டை வைத்து வைஸில் இறுக்கினர். குழியின் விட்டம் ஈயத்தில் 3 மி.மீ., கலப்புலோகத்தில் 2 மி.மீ. ஈயத்தின் பிறினெல் எண் 5 எனக் கொள்க.

இரு பக்கமும் தாக்கும் விசை சமன். ஆகவே வன்மை, குழியின் பரப்பளவுக்கு நேர்மாறு விகிதசமம். பரப்பளவோ விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமம்.

3² ÷ 2² = 2.25
5 × 2.25 = 11.25, அதாவது ஏறத்தாழ 11

வர்க்கிக்க மறந்தவர்களுக்கு 7.5 வரும். பெரும்பாலானோர் விழும் குழி இதுதான்!

10 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் கலந்தால் வன்மை ஏறத்தாழ 11 ஆகும். 20 பங்குக்கு 1 எனில் ஏறத்தாழ 10. முதலிற் சேர்க்கும் சிறிதளவே வன்மையை இரட்டிக்கிறது; அதன்பின் வெள்ளீயத்தை இருமடங்காக்கினாலும் ஒன்றுதான் கூடுகிறது. அளவில் வேறுபட்ட வெள்ளீய அணுக்கள், ஈய அணுப்படைகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்குவதைத் தடுக்கின்றன. ஆனால் அறைவெப்பநிலையில் ஈயப் பளிங்கு மிகச் சிறிதளவு வெள்ளீயத்தையே தன்னுள் ஏற்கும். மிகுதி தனி மணிகளாகப் பிரிந்து நிற்கும். அந்திமனி இதைவிடப் பயன்மிக்கது. பழைய அச்சுக்கூட ஈய எழுத்துகள் தேயாது உழைத்ததற்கு அதுவே காரணம்.

கவனிக்க: 11 வந்தால் வெள்ளீயம்தான் கலந்துள்ளது என முடிவுசெய்யக் கூடாது. அந்திமனி கலந்த ஈயமும் அதே எண்ணைத் தரலாம். ஈயம் நஞ்சு, வீட்டில் உருக்கிப் பார்க்க வேண்டாம், தொட்டால் கைகழுவுங்கள்.

பயிற்சி: மேற்படி சோதனையில் விட்டங்கள் முறையே 2.8 மி.மீ., 2 மி.மீ. எனின், கலப்புலோகத்தின் வன்மை யாது? (விடை: 9.8)