அனடைசிங் லைனிலிருந்து அடுத்த படி

ஓசூர் சிப்காட் பக்கம் அனடைசிங் லைனில் வேலையா? நீங்கள் ஏற்கெனவே நானோ வேலைதான் பார்க்கிறீர்கள். கந்தக அமிலத் தொட்டியில் அலுமினியத்தின் மேல் வளரும் ஆக்சைடு படலம் முழுக்க நானோ துளைகள்; சாயம் பிடிப்பதே அவற்றால்தான். ரெஸ்யூமேயில் வெறும் 'ஆபரேட்டர்' என்று எழுதினால் நஷ்டம் உங்களுக்கு. தொட்டியின் வெப்பநிலை, கரன்ட் டென்சிட்டி, படலத்தின் தடிமன், ரிஜெக்ட் குறைந்த கணக்கு எல்லாம் அதில் இருக்கட்டும்.

அடுத்த படி ஏ.எல்.டி., அதாவது அடாமிக் லேயர் டெபாசிஷன்: வாயுக்களை மாற்றி மாற்றி விட்டு, படலத்தை அடுக்கடுக்காக ஏற்றுவது. 1974-இல் பின்லாந்தின் டுவோமோ சுந்தோலா உருவாக்கிய முறை. 2007-இல் இந்த முறையில் ஏற்றிய ஹாஃப்னியம் ஆக்சைடு இன்டெல் சிப்புக்குள் வந்தபின் இது இல்லாமல் சிப் தொழில் இல்லை.

1. ஒரு சைக்கிளைப் பேப்பர் பார்க்காமல் சொல்லப் பழகுங்கள். டிரைமெத்தில் அலுமினியம், பர்ஜ் (மிச்ச வாயுவை வெளியேற்றுவது), நீராவி, மறுபடி பர்ஜ். மேற்பரப்பில் இடம் தீர்ந்ததும் வினை தானாக நின்றுவிடும். அதனால் சைக்கிளுக்குச் சுமார் 0.1 நானோமீட்டர்தான் ஏறும். 200 சைக்கிளுக்கு 20.

2. இன்டர்வியூவில் ஆளைப் பிரித்துவிடும் கேள்வி இது: "துளையின் வாயில் படலம் இருக்கிறது, அடியில் இல்லை. என்ன செய்வீர்கள்?" சைக்கிளைக் கூட்டுவேன் என்பவர் வீட்டுக்குப் போகலாம். வாயு அடிவரை இறங்க நேரம் கொடுக்க வேண்டும். எக்ஸ்போஷர், பர்ஜ் இரண்டையும் நீட்ட வேண்டும். சைக்கிளுக்கு 0.2 ஏறினால் மகிழாதீர்கள். பர்ஜ் போதாமல் இரண்டு வாயுவும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டு பதிலையும் காரணத்தோடு சொல்பவர் எம்.டெக். போட்டியாளருக்குப் பக்கத்தில் உட்காரத் தகுதியானவர்.

3. வேக்குவம் கற்றுக்கொள்ளுங்கள். பம்ப், கேஜ், ஹீலியம் லீக் டெஸ்ட். கோட்டிங், சோலார், சிப் எங்கு போனாலும் இந்தத் திறமை விலை போகும்.

4. மாணவரா? அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் சென்ஸ் நானோ மையம் இருக்கிறது. ஐ.என்.யு.பி. திட்டத்தில் வெளிக் கல்லூரியினருக்கும் அங்கே பயிற்சி தந்திருக்கிறார்கள். அடுத்த அறிவிப்பு எப்போது என்று வெப்சைட்டைப் பாருங்கள். பேராசிரியரை விடாமல் கேளுங்கள்.

5. டிரைமெத்தில் அலுமினியம் காற்று பட்டாலே தீப்பிடிக்கும். சேர்வதற்கு முன் சிலிண்டர் மாற்றும் நடைமுறையையும் எக்ஸாஸ்ட் ஏற்பாட்டையும் கேளுங்கள். பதில் தெளிவாக வராத கம்பெனியில் சம்பளம் அதிகமென்றாலும் சேராதீர்கள்.