நடுவில் ஆள் இல்லை, ஆனால் ஊரே பார்க்கும்: பிட்காயின் அனுப்புவோருக்குச் சில யோசனைகள்

ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் ஆவண வேலை பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், கடைசியில் பணம் வந்து சேர்ந்ததற்கான வங்கிச் சான்று. வெளிநாட்டு பையர் அனுப்பும் தொகை அவருடைய வங்கி, இடையில் ஒரு வங்கி, இங்கே நம் வங்கி என்று கைமாறி வருகிறது. யார், யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்பது அத்தனை பேருக்கும் தெரியும். பக்கத்து கம்பெனிக்கு மட்டும் தெரியாது. வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் அருமை புரியும். பையர் பெயரையும் ஜோடி விலையையும் யாரும் டீக்கடையில் பேசுவதில்லை.

பல வருடங்களாகச் சொந்த முறையில் சிறு தொகைகளைப் பிட்காயினில் அனுப்பி வருகிறேன். இங்கே நிலைமை தலைகீழ். நடுவில் வங்கி இல்லை, நிறுத்தி வைக்க யாரும் இல்லை. ஆனால் பேரேடு உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. 2009 ஜனவரி 3 அன்று உருவான முதல் பிளாக்கிலிருந்து (பதிவுத் தொகுதி) இன்றுவரை எல்லாக் கைமாற்றங்களும் அதில் இருக்கின்றன. 2010 மே மாதம் இரண்டு பீட்சாவுக்காக லாஸ்லோ ஹன்யெக்ஸ் கொடுத்த 10,000 பிட்காயினை இப்போதும் எவரும் தேடிப் பார்க்கலாம். பெயர் மட்டும்தான் இல்லை. ஒரு முகவரி உங்களுடையது என்று தெரிந்துவிட்டால் அந்த மறைப்பும் போய்விடும்.

பிட்காயின் அனுப்பினால் யாருக்கும் தெரியாது என்று நம்பி என்னிடம் யோசனை கேட்கும் இளைஞர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. ஒரு முகவரி, ஒரே ஒரு முறை

பணம் வாங்க ஒரே முகவரியை எல்லோருக்கும் கொடுத்தால், அவர்களில் யார் வேண்டுமானாலும் பேரேட்டைக் காட்டும் பிளாக் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் அதை இட்டு மற்றவர்கள் எப்போது, எவ்வளவு கொடுத்தார்கள், இருப்பு எவ்வளவு என்று பார்த்துவிடலாம். வாலட் செயலி ஒவ்வொரு வரவுக்கும் புது முகவரி தரும். அதைப் பயன்படுத்துங்கள். பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ 2008 அக்டோபரில் வெளியிட்ட கட்டுரையிலேயே இந்த யோசனை இருக்கிறது.

2. எந்தக் காசிலிருந்து போகிறது என்று பாருங்கள்

பலரும் கவனிக்காத இடம் இது. வாலட்டில் தெரியும் மொத்த இருப்பு, பல வரவுகளின் கூட்டல். உங்களிடம் 0.01 பிட்காயினாக ஒரே வரவு இருக்கிறது, அதிலிருந்து 0.002 அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். 0.01 முழுவதும் செலவாகி, கட்டணம் போக மீதி ஏறக்குறைய 0.008 உங்களுடைய வேறொரு முகவரிக்குத் திரும்பி வரும். பணம் பெற்றவர் அந்த 0.01-ஐப் பார்ப்பார். மீதி போன முகவரியையும் பெரும்பாலும் ஊகித்துவிடுவார். கடைக்காரருக்குச் சில்லறை கொடுக்கும்போது நோட்டுக் கட்டையே எடுத்துக் காட்டுவது போலத்தான் இது.

ஆகவே, எந்த வரவைச் செலவழிப்பது என்று நீங்களே தேர்ந்தெடுக்கும் காயின் கன்ட்ரோல் வசதி உள்ள வாலட்டை எடுங்கள். ஸ்பாரோ, எலெக்ட்ரம் இரண்டிலும் அது உண்டு. எந்த வரவு யாரிடமிருந்து வந்தது என்று அப்போதே குறித்து வையுங்கள். சிறு தொகைக்குச் சிறு வரவைத் தேர்ந்தெடுங்கள். தொடர்பில்லாத இரண்டு வரவுகளைச் சேர்த்து அனுப்பினால் இரண்டும் ஒருவருடையவை என்று நீங்களே அறிவித்தது போலாகிவிடும். அடிக்கடி சில்லறைத் தொகை அனுப்புகிறவர்கள் லைட்னிங் முறையைப் பழகலாம். அதில் ஒவ்வொரு கைமாற்றமும் பொதுப் பேரேட்டில் ஏறாது.

3. சாவி உங்கள் கையில் இருக்கட்டும்

2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடுபோனது. கணக்கு வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்கும் மேலாகத் தங்கள் இருப்பை எடுக்க முடியாமல் தவித்தார்கள். அந்த விவகாரத்தில் வந்த வழக்கில்தான் கிரிப்டோவும் சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வாங்குவதற்கு எக்ஸ்சேஞ்ச் போதும். வைத்திருப்பது சொந்த வாலட்டில் இருக்க வேண்டும். அந்த வாலட்டின் சாவியான மீட்புச் சொற்கள் 12-ஐயோ 24-ஐயோ காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். போனில் படம் எடுக்காதீர்கள்.

4. முடிந்தால் சொந்த நோடு

போன் வாலட் பெரும்பாலும் உங்கள் இருப்பை யாரோ ஒருவருடைய சர்வரிடம் கேட்டுத்தான் காட்டுகிறது. உங்கள் முகவரிகளும் இணைய முகவரியும் அந்த சர்வருக்குத் தெரிந்துவிடும். அதைத் தவிர்க்க நான் ஒரு பழைய கம்ப்யூட்டரில் 1 டிபி எஸ்எஸ்டி போட்டு, முழுப் பேரேட்டையும் தானே சரிபார்க்கும் நோடு மென்பொருளான பிட்காயின் கோர் ஓட்டுகிறேன்; வாலட் அதனிடமே கேட்கும். முதல் முறை முழுப் பேரேட்டையும் இறக்கிச் சரிபார்க்கப் பொறுமை வேண்டும். பிறகு கரண்ட் போய் வந்தாலும் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். இணைய முகவரியை மறைக்கும் டோர் வழியாக இணைத்தால் இன்னும் நல்லது. மொத்தம் 2.1 கோடிக்கு மேல் பிட்காயின் கிடையாது என்ற விதியை வேறொருவர் சொல்லி நம்பாமல் உங்கள் மேஜையிலேயே சரிபார்க்கிறீர்கள்.

பரவலாக்கமும் அந்தரங்கமும் வேறு வேறல்ல என்று இதில்தான் எனக்கு விளங்கியது. எந்த இடத்தில் இன்னொருவரை நம்பியிருக்கிறோமோ, அந்த இடத்தில்தான் நம் விவரம் கசிகிறது. 2024 ஏப்ரலில் சாமுராய் வாலட்டை நடத்தியவர்கள் அமெரிக்க அரசின் வழக்கில் கைதானார்கள். அவர்களுடைய சர்வரைக் கைப்பற்றியதும் தடம் தெரியாதபடி காசுகளைக் கலந்து தரும் அவர்களுடைய சேவை நின்றுபோனது. ஒரே சர்வரில் தொங்கும் எதுவும் ஒரே நாளில் விழும்.

5. அனுப்பும் முன்

முகவரியை நகலெடுத்து ஒட்டியபின் முதல் சில எழுத்துகளையும் கடைசிச் சில எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். நகலெடுத்ததை நைசாக மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. பெரிய தொகை என்றால் முதலில் சிறிது அனுப்பிச் சோதியுங்கள். சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக். ஒவ்வொரு பிளாக்கும் ஓர் உறுதிப்பாடு; ஆறு உறுதிப்பாடுகளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். போன பணத்தைத் திருப்பித் தர எந்த மேனேஜரும் இல்லை. இதையெல்லாம் கம்பெனி வைஃபையில் செய்ய வேண்டாம்.

6. சட்டத்தோடு ஒளிந்து விளையாடாதீர்கள்

2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. அதே ஆண்டு ஜூலை முதல் கைமாற்றத்துக்கு 1 சதவீத டிடிஎஸ். பிட்காயின் கொடுத்துப் பொருள் வாங்குவதும் கைமாற்றமே. 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. தோல், ஷூ ஏற்றுமதிப் பணம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும். அதில் குறுக்குவழி தேடாதீர்கள். எதை மறைத்தாலும் பேரேடு அழியாது. 2016-இல் பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சில் திருடிய பிட்காயினைத் தடம் பிடித்து, ஆறு ஆண்டு கழித்து நியூயார்க்கில் ஒரு தம்பதியைக் கைது செய்தார்கள்.

கணக்கை ஆடிட்டரிடம் முழுசாகக் காட்டுங்கள். ஊரில் மற்றவர்களுக்கு அதைப் பார்க்க எந்த உரிமையும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாதவர்கள் இரண்டை இன்றே தொடங்குங்கள்: ஒவ்வொரு வரவுக்கும் புது முகவரி, ஒவ்வொரு காசுக்கும் குறிப்பு. உங்கள் பணத்தைப் பற்றி யாருக்கு எது தெரியலாம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.